ராமா, கார்டா, பிராசஸரா: பழைய கேமிங் பிசியில் முதலில் எதை மாற்றுவது?

கேள்வி கேட்ட தம்பியிடம் இருக்கும் பிசி இது: ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி, கேம்களுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். தினமும் வேலரண்ட் ஆடுகிறார். சைபர்பங்க் 2077 ஆட ஆசை. ஆனால் லோ செட்டிங்கிலேயே, காரில் ஊரைச் சுற்றும்போது படம் "தடுக்குது", அதாவது நின்று நின்று வருகிறது. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. மாதம் கொஞ்சம் சேர்க்கவும் முடியும். நண்பர் ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கச் சொல்கிறார். கடைக்காரர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். மாமா பையன் இன்டெல் ஐ5-க்குப் போகச் சொல்கிறார். "அண்ணா, முதல்ல எதை மாத்தட்டும்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமும் எஸ்எஸ்டியும் முதலில். அடுத்தது எஸ்எம்பிஎஸ், அது மாறிய பிறகுதான் கார்டு. பிராசஸர் கடைசி. மதர்போர்டைத் தொட வேண்டாம். இந்த வரிசை இந்தப் பிசிக்கும் இந்த இரண்டு கேம்களுக்கும் உரியது. உங்கள் வீட்டுப் பிசிக்கு வேறு வரிசை வரலாம். அதனால் எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் சொல்கிறேன்.

"தடுக்குது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு வேறு வேறு நோய்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, எஃப்பிஎஸ் (ஒரு வினாடிக்கு வரும் பிரேம்கள், அதாவது படங்கள்) மொத்தமாகவே குறைவாக இருப்பது. இன்னொன்று, சராசரி பரவாயில்லாமல் இருந்தும் நடுநடுவே படம் உறைந்து நிற்பது. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஒரு வினாடியில் 59 பிரேம் தலா 12 மில்லிசெகண்டில் வந்து, ஒரே ஒரு பிரேம் 290 மில்லிசெகண்ட் எடுத்தால் கணக்குக்கு அதுவும் 60 எஃப்பிஎஸ்தான். மூலையில் இருக்கும் எண் நன்றாகவே இருக்கும், ஆனால் கால் வினாடிக்கு மேல் கார் நின்றிருக்கும். முதல் நோய்க்குப் பெரும்பாலும் கார்டோ பிராசஸரோ காரணம். இரண்டாவதற்குப் பல நேரம் ராமும் டிஸ்க்கும்தான் காரணம். கார்டை மட்டும் மாற்றினால் முதல் நோய் குறையும், இரண்டாவது அப்படியே இருக்கும். இருபதாயிரம், முப்பதாயிரம் போட்டுப் புதுக் கார்டு வாங்கியும் "இன்னும் தடுக்குது" என்று வருகிறவர்களின் பிசியைத் திறந்தால் ஒற்றை ஸ்டிக் ராமையும் பழைய ஹார்டு டிஸ்க்கையும் அடிக்கடி பார்க்கிறேன். அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது.

சைபர்பங்கில் நீங்கள் கார் ஓட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். தெரு மாற மாற, புதுக் கட்டடங்களின் தரவை டிஸ்க்கிலிருந்து எடுத்து, ராமில் வைத்து, அங்கிருந்து கார்டின் மெமரிக்கு அனுப்ப வேண்டும். ஹார்டு டிஸ்க் பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தாலே வினாடிக்கு 100 முதல் 150 எம்பி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். கார்டின் 4 ஜிபி நிரம்பியதும் மிச்சம் ராமுக்கு வழிகிறது. ராமோ 8 ஜிபி. விண்டோஸ், டிஸ்கார்ட், பின்னால் திறந்து கிடக்கும் குரோம் எல்லாம் ஏற்கெனவே அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ராமும் நிரம்பியதும் விண்டோஸ், டிஸ்க்கில் இருக்கும் பேஜ்ஃபைலுக்கு (ராம் போதாதபோது மாற்றாகப் பயன்படும் கோப்பு) ஓடுகிறது. கார்டு, ராம், டிஸ்க் மூன்றிலும் ஒரே நேரத்தில் நெரிசல். அந்த நொடியில்தான் உங்கள் கார் நிற்கிறது.

இதை என் ஊகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டை ஒட்டி, அந்த கேமைத் தயாரித்தவர்கள் குறைந்தபட்சத் தேவையை உயர்த்தினார்கள்: 12 ஜிபி ராம், எஸ்எஸ்டி கட்டாயம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு, ரைசன் 5 1600 பிராசஸர். இதை உங்கள் பிசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராம் தேறவில்லை, டிஸ்க் தேறவில்லை, கார்டு தேறவில்லை. தேறியிருப்பது உங்கள் 2600 மட்டும்தான். மாமா பையன் முதலில் மாற்றச் சொல்வதும் அதைத்தான்.

வேலரண்டில் கதை நேர் எதிர். அது கார்டுக்குப் பெரிதாக வேலை வைக்காது. 1650-யே 1080பி-யில் சமாளிக்கும். அங்கே பிராசஸர்தான் மூச்சு வாங்கும், அதுவும் ஓரிரு கோர்கள் மட்டும். ஒரே பிசி, இரண்டு கேம், இரண்டு வேறு பதில்கள். அதனால்தான் "எந்த பார்ட்டை முதலில் மாற்றுவது" என்று பிசியின் கான்ஃபிகை மட்டும் சொல்லிக் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. எந்த கேம், எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் மானிட்டர் என்பதும் சேர்ந்தால்தான் கேள்வியே முழுமையாகும். உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். வேலரண்ட் 140 எஃப்பிஎஸ் ஓடினாலும் 220 ஓடினாலும் திரை ஒரு வினாடிக்கு 75 முறைதான் மாறும். எஃப்பிஎஸ் கூடினால் மவுஸ் அசைவு சற்று சீக்கிரம் திரைக்கு வரும், உண்மைதான். ஆனால் அதற்காக இப்போது காசு போடுவது உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது.

சரி, காசு செலவு செய்வதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தை அளவெடுக்க ஒதுக்குங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். அதோடு வரும் ரிவாட்யூனரில் இவற்றைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்: ஜிபியு (கார்டு) பயன்பாடு, கார்டு மெமரி, ராம் பயன்பாடு, ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக சிபியு (பிராசஸர்) பயன்பாடு, எஃப்பிஎஸ், பிரேம்டைம் (ஒவ்வொரு பிரேமும் எடுக்கும் நேரம்) வரைபடம். அளவெடுக்கும்போது விசிங்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் செட்டிங்) எஃப்பிஎஸ் லிமிட்டையும் அணைத்துவிடுங்கள். அவை இருந்தால் கார்டு வேண்டுமென்றே ஓய்வெடுக்கும், எண்கள் எல்லாம் பொய் சொல்லும்.

ஜிபியு 97, 98 சதவீதத்தில் நிலையாக நின்றால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது. எஃப்பிஎஸ் குறைவுக்குக் காரணம் அதுதான். 60 சதவீதத்தில் நின்றுகொண்டு எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால் கார்டு யாருக்கோ காத்திருக்கிறது. இங்கே பலரும் ஏமாறுவது சிபியுவின் மொத்த சதவீதத்தைப் பார்த்துத்தான். 2600-க்கு 6 கோர், 12 திரெட். ஒரு திரெட் முழுக்க நிரம்பி, மற்றவை பாதிக்கு மேல் சும்மா இருந்தாலும் மொத்தம் 45, 50 என்றுதான் காட்டும். "சிபியு பாதிகூட ஓடலையே" என்று முடிவு கட்டிவிடக்கூடாது. கோர்வாரியாகப் பாருங்கள்.

அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. கேமின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள், மற்ற செட்டிங்கைத் தொடாதீர்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லை என்றால் பிராசஸர் அல்லது ராம் பக்கம் பாருங்கள். ரெசல்யூஷன் குறைந்தால் கார்டின் வேலை குறையும். பிராசஸரின் வேலை ஏறத்தாழ அதேதான். சைபர்பங்கில் உங்களுக்கு எஃப்பிஎஸ் ஏறும், வேலரண்டில் ஏறாது என்று எதிர்பார்க்கிறேன். செய்து பார்த்துச் சொல்லுங்கள்.

காசில்லாமல் சரிசெய்யக்கூடியவற்றையும் அதே மாலையில் முடித்துவிடுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங், ஆன் ஆகியிருக்கிறதா? சில போர்டில் அதை டிஓசிபி என்று எழுதியிருப்பார்கள். ஆன் செய்யாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். ரைசனில் இந்த வித்தியாசம் வேலரண்டில் தெரியும். மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கிலும் 75 இருக்க வேண்டும். பல பேருக்கு அது 60-லேயே கிடக்கிறது. அப்புறம் தூசி. பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி, பிராசஸர் ஃபேன், கார்டு ஃபேன், எஸ்எம்பிஎஸ் வாய் மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்ற விடாதீர்கள். வாங்கியதிலிருந்து தெர்மல் பேஸ்ட் மாற்றவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். மே மாதத்தில் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும் ஊர் நம்முடையது. சூடானால் பிராசஸரும் கார்டும் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த வேகக்குறைவைப் பார்த்துப் புது பார்ட் வாங்குவது வீண்.

இனி வாங்குவது. முதலில் ராம். உங்கள் போர்டு இரட்டை சேனல். ஒரே ஸ்டிக் போட்டிருப்பதால் பாதிப் பாதை மூடிக் கிடக்கிறது. 3200 வேகத்தில் ஒரு ஸ்டிக்குக்கு வினாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு போட்டால் 51.2. இன்னொரு 8 ஜிபி போட்டால் கொள்ளளவும் கூடும், பாதையும் திறக்கும். வேலரண்டில் சண்டை நேரத்தில் திடீரென்று எஃப்பிஎஸ் விழுவது கணிசமாகக் குறையும். சைபர்பங்கில் பேஜ்ஃபைலுக்கு ஓடுவது நிற்கும். நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவதில் போடுங்கள். ஏ2, பி2 என்று போர்டிலேயே அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு ஸ்லாட்டிலோ கடைசி இரண்டு ஸ்லாட்டிலோ செருகினால் இரட்டை சேனல் வராது. டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பார்க்கலாம். சேனலைப் பார்க்க சிபியு-இசட் போதும்.

ராம் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 கடைசியிலிருந்து விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் பெரும்பங்கு போகிறது. மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் பிராண்டில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. முன்பெல்லாம் "16 ஜிபி கிட்டாகப் புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று யோசிக்காமல் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இருக்கும் ஸ்டிக்கின் ஸ்டிக்கரைப் பார்த்து, அதே வேகம், அதே சிஎல் எண் (ராமின் தாமத அளவு) உள்ள 8 ஜிபி ஸ்டிக் ஒன்றைத் தேடுங்கள். இரண்டாம் கையாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய பார்ட்டுகளில் ராம் ஆபத்து குறைந்தது. அதில் சுழலவோ தேயவோ எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86 ஓட்டிப் பிழை வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். வேகம் வேறாக இருந்தால் இரண்டும் மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு இறங்கும், அவ்வளவுதான். 32 ஜிபி உங்களுக்கு இப்போது வேண்டாம்.

எஸ்எஸ்டி விஷயம் சுலபம். பி450 போர்டில் எம்.2 என்ற, எஸ்எஸ்டியை நேராகச் செருகும் ஸ்லாட் இருக்கும், மூன்றாம் தலைமுறை வேகம். அதில் 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி) ஒன்று போடுங்கள். காசு இடிக்கிறது என்றால் 500 ஜிபி. நான்காம் தலைமுறை டிரைவும் அதில் ஓடும், ஆனால் மூன்றின் வேகத்தில்தான். எனவே அதற்கென்று கூடுதல் பணம் தர வேண்டாம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியின் 550 எம்பிக்கும் என்விஎம்இயின் 3,500 எம்பிக்கும் கேமில் இருக்கும் வித்தியாசம் காகிதத்தில் தெரியும் அளவுக்குத் திரையில் தெரியாது. எம்.2 போட்டால் சில போர்டில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாமல் போகும், மேனுவலைப் பாருங்கள்.

இந்த வேலையோடு சேர்த்து விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் 2600, மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 11-ல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செட்டிங்) வேண்டும். பயாஸில் எஃப்டிபிஎம்-ஐ (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) ஆன் செய்துவிட்டே இன்ஸ்டாலை ஆரம்பியுங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். நான் நிறையப் பேசப்போவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் யாரும் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை. "450 வாட் இத்தனை வருஷமா நல்லாத்தானே ஓடுது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஜிடிஎக்ஸ் 1650 சுமார் 75 வாட் கார்டு. பெரும்பாலான மாடல்களில் தனி பவர் ஒயரே கிடையாது; மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே பிழைத்துக்கொள்ளும். அதாவது உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இதுவரை ஒரு சோதனையும் வந்ததில்லை. ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட், ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். சராசரி அவ்வளவுதான் என்றாலும் நொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைத் தாண்டி இழுக்கும்.

டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். மேலே பெரிதாக 450 என்று போட்டிருப்பதை விடுங்கள். கீழே சின்னக் கட்டத்தில் +12வி என்று இருக்கும், அதற்கு நேரே ஆம்பியர். அதை 12-ஆல் பெருக்குங்கள். பிராசஸருக்கும் கார்டுக்கும் தீனி இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் போகிறது. உதாரணத்துக்கு அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட்தான். 2600 போன்ற 65 வாட் ரைசன் 88 வாட் வரை இழுக்கலாம். 5060-இன் 145-ஐக் கூட்டினாலே 233. ஃபேன், டிரைவ் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. கேம் நடுவில் பிசி பட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் அது அதிர்ஷ்டமான முடிவு. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இல்லாவிட்டால், அது சாகும்போது கார்டையும் போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போகலாம்.

நல்ல பிராண்டில் 550 வாட் வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டுக்கும் என்விடியா பரிந்துரைப்பதும் 550-தான். நாலாயிரம், ஐயாயிரம் ஒதுக்குங்கள், இதில் பேரம் பார்க்க வேண்டாம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாமல் இருப்பதைச் சொல்வது, மற்ற தரத்துக்கு அது சான்றல்ல. 5 வருட வாரண்டி இருக்கிறதா, 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கிறதா, கார்டுக்கான 8 பின் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே வைத்துக்கொண்டு மோலெக்ஸிலிருந்து (பழைய வகை 4 பின் பவர் ஒயர்) 8 பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன் என்று கடையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். 8 பின் இணைப்பு 150 வாட்டுக்கானது. அந்த மெல்லிய ஒயர் அதற்காகச் செய்ததல்ல. சூடாகி உருகும்.

வீட்டில் யுபிஎஸ் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமான 600 விஏ என்றால் அது 360 வாட் அளவுதான் தாங்கும். புதுக் கார்டோடு கேம் ஓடும்போது கரண்ட் போனால் பிசி, மானிட்டர் சேர்த்து அது பீப் அடித்து அணைந்துவிட வாய்ப்பு உண்டு. கார்டு வாங்குகிற மாதத்தில் இதையும் கணக்கில் வையுங்கள்.

கார்டுக்கு வருவோம். உங்கள் போர்டு மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் பாதை). இது ஒரு முக்கியமான வடிகட்டி. இப்போதைய மலிவுக் கார்டுகள் பலவற்றில் 16 லேனுக்கு (தரவு போகும் தடம்) பதிலாக 8 லேன்தான் இருக்கும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, 5060 மூன்றும் அப்படி. உங்கள் போர்டில் சிறு இழப்பு இருக்கும், கார்டின் மெமரி நிரம்பாதவரை பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். அதற்கு 4 லேன், 4 ஜிபி. மெமரி நிரம்பி வழியும்போது அந்தக் குறுகிய பாதையில்தான் எல்லாம் போக வேண்டும். மூன்றாம் தலைமுறை போர்டில் அது தள்ளாடும். விலையைப் பார்த்து ஆசை வரும், வேண்டாம்.

உங்கள் தேவைக்கு ஆர்எக்ஸ் 6600 போதும். 8 ஜிபி, 1080பி-யில் சைபர்பங்கை நல்ல செட்டிங்கில் ஆட வைக்கும். பட்ஜெட் நீண்டால் 5060 இன்னும் வேகமானது, டிஎல்எஸ்எஸ்ஸும் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் என்விடியா வசதி) கிடைக்கும். நண்பர் சொன்ன கார்டில் குறை இல்லை. அதை இன்றைக்கே, இந்த எஸ்எம்பிஎஸ்ஸில், இந்த ராமோடு போடச் சொல்வதுதான் தவறு. ஆர்டிஎக்ஸ் 3060 கிடைத்தால் 12 ஜிபி மாடலா என்று பாருங்கள். பின்னால் 8 ஜிபி என்று ஒன்றை அதே பெயரில் விட்டார்கள், அது மெமரி பாதையும் குறுகிய வேறு கார்டு. 3050-யும் அப்படித்தான்: 6 ஜிபி மாடல் 8 ஜிபி மாடலைவிட மெதுவானது. ஆனால் அது 70 வாட்டில் ஒயரில்லாமல் ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே முடியாதவருக்கு மட்டும் அதைச் சொல்வேன். இன்டெல் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது, விலைக்கு நல்ல கார்டு. ஆனால் ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டு மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுக விடும் வசதி) இல்லாமல் அதை வாங்கக்கூடாது. பழைய பிராசஸரோடு சேர்த்தால் அதன் டிரைவர் பிராசஸரைக் கூடுதலாக வேலை வாங்கி எஃப்பிஎஸ்ஸை இழக்க வைக்கிறது. 2600-க்கு அது ஜோடி இல்லை.

இரண்டாம் கையில் ஜிடிஎக்ஸ் 1070, 1080 சல்லிசாக வரும். ஒரு காலத்தில் அருமையான கார்டுகள். ஆனால் அந்தத் தலைமுறைக்கான கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தி, இனிப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் என்று சொல்லிவிட்டது. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் மாதிரி சில புது கேம்கள் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதே இல்லை. ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி-க்கும் இதே கதி. பழைய கார்டு வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை அல்லது ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்து பாருங்கள். விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் உராய்கிறதா, சூடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஓட்டிக்காட்ட மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள். பில் கட்டாயம்.

கடைசியாகப் பிராசஸர். ஏஎம்4 சாக்கெட்டின் பெரிய வசதியே இதுதான்: 2018-ல் வந்த உங்கள் பி450 போர்டில், 2022-ல் வந்த ரைசன் 5 5600 அப்படியே உட்காரும். 2600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு, அதிவேக மெமரி) 16 எம்பி, அதுவும் இரண்டு துண்டாக. 5600-இல் 32 எம்பி ஒரே துண்டு. வேலரண்டில் இந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். பெயர் ஒட்டி வரும் 5500-ஐ எடுக்க வேண்டாம், அதில் கேஷ் 16 எம்பிதான். ஆனால் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இதை முதலில் வாங்குவதில் பொருளில்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு மாறும்போது இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

அந்த நாள் வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். போர்டு தயாரிப்பாளரின் சிபியு சப்போர்ட் பட்டியலில் 5600-க்கு எந்த வெர்ஷன் வேண்டும் என்று இருக்கும். முதலில் கழற்றிவிட்டு, புதியதைப் போட்டு, திரை கருப்பாக இருக்கிறதே என்று பதறுகிறவர்கள் ஏராளம். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போகக்கூடாது. யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் எக்ஸ்எம்பி, எஃப்டிபிஎம் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும், மறுபடி ஆன் செய்ய வேண்டும். பிராசஸரை மாற்றியதும் எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் செய்யட்டுமா என்று போர்டு கேட்கும். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் டிரைவ் உங்களுக்கே திறக்காது.

மாமா பையன் சொல்லும் ஐ5-க்குப் போனால் போர்டும் மாற்ற வேண்டும், போர்டைப் பொறுத்து டிடிஆர்5 ராமும் வாங்க வேண்டிவரும். ராம் விலை இப்படி இருக்கும் நேரத்தில் 30,000 அங்கேயே கரைந்துவிடும், சைபர்பங்க் பழையபடி 1650-இல்தான் ஓடும். கடைக்காரரின் யோசனைக்கும் இதே பதில்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் நான்காம் தலைமுறை ஐ5, டிடிஆர்3 ராம் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. உங்களுக்கு நிலைமை வேறு. அந்தப் போர்டிலும் ராமிலும் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். நாளை புது போர்டுக்கும் கூடவே வரக்கூடியவை எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு, மானிட்டர். இந்த நான்கில் ஒன்றை வாங்கினால் பணம் வீணாகாது.

தம்பி, உங்கள் 30,000-ஐ இப்படிப் பிரியுங்கள்: இந்த மாதம் 8 ஜிபி ஸ்டிக், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ். மீதியை அப்படியே வைத்து, மாதாமாதம் சேர்ப்பதைக் கூட்டி, தொகை முழுதாக வந்ததும் கார்டு. இப்போது மலிவான மாடலோடு சமாதானம் ஆகிவிட்டுப் பிறகு மாற்றுவதைவிட, இரண்டு மாதம் பொறுப்பது லாபம். சைபர்பங்கில் எஃப்எஸ்ஆர் (டிஎல்எஸ்எஸ் போன்ற ஏஎம்டி வசதி) இருக்கிறது, 1650-இலும் அது வேலை செய்யும். ராமும் எஸ்எஸ்டியும் மாறியபின் அதை ஆன் செய்தால், கார்டு வரும்வரை லோ செட்டிங்கில் கதையை நகர்த்த முடியும்.

அடுத்த முறை எழுதும்போது எஸ்எம்பிஎஸ் லேபிளின் படம், இருக்கும் ராம் ஸ்டிக்கரின் படம், 720பி சோதனையில் இரண்டு கேமுக்கும் வந்த எண்கள், இந்த மூன்றையும் போடுங்கள். கேபினெட்டுக்குள் கார்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்றும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். எந்த கார்டு, எந்த மாடல் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.